வளவை விற்றுப் படித்தவள்

றுஷ்தாவுக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது அவளுடைய வீட்டை விற்றார்கள். வீடு என்று சொல்வதற்கு அங்கே ஓர் அத்திவாரமும், அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் கல்லும்தான் இருந்தன. மழைக்காலத்தில் அறைகளுக்குள் தண்ணீர் தேங்கித் தவளை கத்தும். ஆனாலும் கிண்ணியாவில் அந்த ஒழுங்கையால் போய்வந்த எல்லாரும் அதை ஸெய்னுதீனின் சின்ன மகளின் வீடு என்றே சொன்னார்கள்.

கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் வைத்ததும் தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்வளவில் ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து ஏறுவார். இரண்டாவது மகள் இருந்தால் இரண்டாவது வீடு. அது எங்கிருந்து வரும் என்பது தகப்பனின் பாடு.

ஸெய்னுதீன் லொறிச் சாரதி. திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கும் சாமான்களை ஒரு ஒப்பந்தக்காரருக்காகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் ஏற்றிப்போவார். இளமையில் உழைத்ததெல்லாம் தன் இரண்டு தங்கைமாரின் வீடுகளுக்குப் போக, முடி நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் கலியாணம் செய்தார். மனைவியின் வீட்டில் வந்து ஏறியவர், அந்த வீட்டை மூத்த மகள் சுஹைராவுக்குக் கொடுத்துவிட்டு மனைவியோடும் சின்ன மகளோடும் பின்னால் தகடு போட்ட இரண்டு அறைக்குள் வந்து சேர்ந்தார். பிறகு பக்கத்து ஒழுங்கையில் ஒரு வளவுக் காணியை வாங்கி, லொறி கொஞ்சம் கூட ஓடிய மாதங்களில் கல்லும் மணலும் பறித்து, றுஷ்தாவின் வீட்டைத் தொடங்கினார்.

அவள் ஏ.எல். பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தாள். கம்பஸுக்கு மட்டும் மயிரிழையில் தவறியது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரத்தப் பரிசோதனைப் படிப்பு இருந்தது, மூன்று வருஷம். காசு கட்டித்தான் படிக்க வேண்டும். ஸெய்னுதீன் அந்தப் படிப்பைப் பற்றி அறிந்தது தற்செயலாகத்தான். ஒருமுறை கொழும்பில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெள்ளைக் கோட்டுப் போட்ட அக்கரைப்பற்றுப் பிள்ளையொன்று அவருடைய கையில் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்தது. பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில், தன் சம்பளத்தில் தானே வீடு கட்டுவதாக அது சொன்னது. அந்தக் கதை அவருடைய மனதில் ஒட்டிக்கொண்டது. வளவை விற்றால் படிப்பு. படிப்பு முடிந்தால் சம்பளம். சம்பளம் வந்தால் ஐந்து வருஷத்தில் வளவும் வீடும். கணக்குச் சரியாகத்தான் பட்டது.

அவருடைய மனைவி சம்மதிக்கவில்லை. வளவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சம்பளத்தை யார் கண்டது என்று கேட்டாள். படித்த பிள்ளையை எங்கே இருத்துவது, வெள்ளைக் கோட்டுக்குள்ளேயா என்றும் கேட்டாள். இரண்டு கிழமை குசினிக்கும் வாசலுக்கும் இடையில் இந்தக் கதைதான் நடந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த ஸெய்னுதீன் மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார்.

"வூடா, படிப்பா? நீங்களே சொல்லுங்க மகள். வாப்பா ரெண்டுக்கும் ஓம்."

"படிப்பு," என்றாள் றுஷ்தா.

யோசிக்கவே இல்லை. பிற்காலத்தில் இரக்கப்படுகிறவர்கள் அவளிடம் வந்து, எல்லாம் உங்கள் வாப்பாவின் பிழை என்று ஆறுதல் சொன்னபோதெல்லாம் அந்த ஒரு சொல்தான் அவளுடைய நினைவுக்கு வரும்.

கொழும்பில் தெமட்டகொடையில் ஒரு போடிங். ஒரே அறைக்குள் ஆறு பெண்கள். ஸெய்னுதீன் கொழும்புக்குச் சாமான் ஏற்றிவரும் நாட்களில் லொறியை ஒழுங்கை முகப்பில் நிறுத்தி, கருவாடும் தேங்காயும் உம்மா பொரித்துக் கொடுத்துவிட்ட இறைச்சியும் இறக்கிவிட்டுப் போவார். உள்ளே வந்து ஒருநாளும் இருந்ததில்லை. பெண்கள் இருக்கிற இடம் என்பார். நுணுக்குக்காட்டியில் முதன்முதலாக ஒரு துளி இரத்தத்தைப் பார்த்த நாளைப் பற்றி றுஷ்தா அவருக்கு அந்த லொறிக் கதவடியில் நின்றுதான் சொன்னாள். அவர் பாதி விளங்கியும் விளங்காமலும் கேட்டு, தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்த மூன்று வருஷம்தான் தன் வாழ்க்கையில் தான் முழு மூச்சு விட்ட காலம் என்று அவள் பின்னர் நினைத்துக்கொள்வதுண்டு.

படிப்பு முடிந்து திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் லாப்பில் வேலை கிடைத்தது. கிண்ணியாவிலிருந்து முதல் பஸ். சாப்பிடாமல் சீனி பார்க்க வந்த கிழவர்கள் அவளுக்கு முன்னமே வாங்கில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். நிலாவெளி, சல்லிப் பக்கத்து மீனவர்கள், அன்புவழிபுரத்திலிருந்து வரும் கர்ப்பிணிகள், கடைக்காரர்கள் எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நீட்டுவார்கள். அவளுடைய கை மெதுவான கை. நரம்பு பிடிபடாத குழந்தைகளை வேறு ஆட்களும் அவளிடம்தான் அனுப்புவார்கள். முதல் சம்பளத்தை வாங்கி வந்து உம்மாவின் கையில் கொடுத்தபோது உம்மா அதை இரண்டு தரம் முத்தமிட்டுவிட்டு, பாதியை எடுத்துத் தனியாக அலுமாரிக்குள் வைத்தாள். அது வளவுக்கு.

கொஞ்ச நாளில் ஸெய்னுதீனுக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கியது. லொறி ஓட ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அலுமாரிக்குள் போன பாதி, கால்வாசியானது. பிறகு நாடு வங்குரோத்தான வருஷம் வந்தது. லாப்புக்கு மருந்துகள் வரவில்லை. பாதி மாதம் வேலை, பாதிச் சம்பளம் என்றார்கள். டீசல் இல்லாமல் பஸ் நின்ற நாட்களில் அதுவும் இல்லை. சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் கிண்ணியா முழுக்க நிலை மட்டத்தோடு நின்ற வீடுகளில் பற்றை முளைத்தது. அலுமாரிக்குள் இருந்த காசு குறையவில்லைதான். ஆனால் முன்னொரு காலம் பாதி வளவு வாங்கக்கூடியதாக இருந்த அதே காசுக்கு இப்போது ஒரு கிணறு கட்டலாம், அவ்வளவுதான். ஸெய்னுதீன், விற்ற வளவு இருந்த ஒழுங்கையால் போவதை நிறுத்திக்கொண்டார். பள்ளிவாசலுக்குச் சுற்றிப் போனார்.

மாப்பிள்ளைப் பேச்சுகள் வராமல் இல்லை. படித்த பிள்ளை, உழைக்கிற பிள்ளை என்று ஆசையோடுதான் வந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் யாராவது ஒருத்தி தகடு போட்ட அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு எது என்று கேட்பாள். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது சுஹைராவின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரங்களில் சுஹைரா வெட்கத்தில் யன்னலைச் சாத்திக்கொள்வாள். ஊரில் றுஷ்தாவுக்கு ஒரு பெயரும் விழுந்துவிட்டது. வளவை விற்றுப் படித்த பிள்ளை என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

இஹ்ஸான் என்ற வங்கி உத்தியோகத்தன் ஒருவன் தாயின் இரத்தப் பரிசோதனைக்காக லாப்புக்கு வந்துபோய் அவளை விரும்பினான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆட்களை அனுப்பினான். அவர்களும் வீடு இல்லை என்றதும் எழுந்து போனார்கள். மறு கிழமை அவனே லாப்புக்கு வந்து, நோயாளி இருக்கிற கதிரையில் இருந்துகொண்டு, தனக்குக் கலியாணம் ஆகாத இரண்டு தங்கைமார் இருப்பதைச் சொன்னான். அவர்களுடைய வீடுகள் முடியும்வரைக்கும் வாடகை வீட்டுக்குக் காசு கட்டத் தன்னால் ஏலாது என்றான். சொல்லும்போது அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபப்படவில்லை. அவன் சொன்ன வாழ்க்கையைத் தன் வாப்பா வாழ்ந்ததை அவள் அறிவாள். அடுத்த நோன்புக்கு முன்னம் அவன் தோப்பூரில் வீடுள்ள ஒரு பெண்ணைக் கட்டினான்.

அவளுக்கு இருபத்தாறு முடியும் தறுவாயில் மூதூரிலிருந்து அன்ஸாரின் பேச்சு வந்தது. நாற்பது வயது. மனைவி மௌத்தாகி அடக்கம் செய்து இரண்டு வருஷம். பதினொரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். சீமெந்து, கம்பி, ஆணி விற்கிற கடை. சீதனம் வேண்டாம், வீடு வேண்டாம், வீடு அங்கே பெரிதாக இருக்கிறது என்று தரகர் சொன்னார். யாருடைய வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அறிந்த வழக்கம்தான். ஆனாலும் கேட்டால் இதுவும் தட்டிப்போகும் என்ற பயத்தில் உம்மா கேட்கவில்லை, சுஹைரா கேட்கவில்லை. றுஷ்தாவும் கேட்கவில்லை.

ஸெய்னுதீன் மட்டும் வேண்டாம் என்றார். இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கவா இவளைப் படிப்பித்தது என்று உம்மாவோடு சண்டை பிடித்தார். றுஷ்தா அவருடைய கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், இன்னும் கொஞ்சம் பாப்பம்."

"எதைப் பாக்கிற வாப்பா? நான் அவரைக் கட்டுறன்," என்றாள்.

மருந்தா கண்ணீரா என்று தெரியாமல் அவருடைய கன்னத்தால் வழிந்ததை அவள் துணியால் ஒற்றினாள்.

அலுமாரிக்குள் இருந்த காசு கலியாணச் செலவோடு போனது. மூதூர் வீடு உண்மையிலேயே பெரியது. தரைக்கு மாபிள் பதித்து, மேல் மாடிக்குப் படிகள் வைத்து, மாடி கட்டாமல் நின்றது. அன்ஸார் கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்த மாட்டார். இஷாத் தொழுகைக்குப் பிறகு நேரே வீட்டுக்கு வருவார். காசு என்று வந்தால் மட்டும் கையை இறுக்கிப் பிடிப்பார். மூதூரிலிருந்து நகரத்து லாப்புக்குப் போய்வர அரைநாள் பஸ்ஸில் போகிறது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வைத்தால் உங்கள் சம்பளம் அதற்கே சரி என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. வேலையை விட்டாள்.

பின்வளவில் சித்தி பரீதா என்று பெயருள்ள ஒருவர் இருந்தார். அன்ஸாரின் மௌத்தாகிப்போன மனைவியின் தாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, தன் செலவைத் தானே பார்க்கிற மனுஷி. பின்கதவால் எந்த நேரமும் வருவார். கேட்காமலே குளிர்பெட்டியைத் திறப்பார், பேத்திமாரின் தலையைப் பார்ப்பார், போவார். றுஷ்தா வந்த இரண்டாம் மாதம், படுக்கை அறையை அடைத்து நின்ற பழைய அலுமாரியைக் கூடத்துக்கு மாற்றினாள். தன் உடுப்புகளை வைக்க இடம் இருக்கவில்லை. அன்று பின்னேரம் சித்தி பரீதா வந்து, கூடத்தில் நின்ற அலுமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தார்.

"இது சின்னப் புள்ளைகள்ர வூடு மகள். என்ட மகளுக்கு நான் எழுதிக் குடுத்த. அவள் மௌத்தானதும் இதுகளுக்கு வந்திட்டு. கீழ் வூடு மூத்தவளுக்கு, மேல கட்டுறது இளையவளுக்கு. கோவிக்காதீங்க. நீங்க இருங்க, புழங்குங்க. ஆனா சாமானை இடம் மாத்திறதெண்டா எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க."

அவருடைய குரலில் கடுமை இருக்கவில்லை. ஊரெல்லாம் தெரிந்த ஒன்றைத் தன்னிடமிருந்து தானே இத்தனை மாதம் மறைத்து வைத்திருந்தது அப்போதுதான் றுஷ்தாவுக்கு உறைத்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் அலுமாரி திரும்ப அறைக்குள் போனது. அன்ஸாரும் அவளும் இரு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள்.

அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. மூக்கு றுஷ்தாவின் வாப்பாவுடையது. ஸெய்னுதீன் பஸ் ஏறி வந்து, கண் சரியாகத் தெரியாமல், குழந்தையின் முகத்தை விரலால் தடவித்தான் பார்த்தார். ஒரு கிழமை நின்று போகச் சொல்லி அன்ஸார் கேட்டும் நிற்கவில்லை. பகல் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டார். படலையடியில் நின்று, இந்த வீட்டு உறுதி யாருடைய பெயரில் என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பஸ் வரும்வரை இருவரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதமானபோது றுஷ்தா அன்ஸாரிடம் கேட்டாள். கடையில் கம்பி இறக்கிய களைப்போடு அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு என்ன செய்யப்போறீங்க?"

அவருக்கு விளங்கியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் மேல் மாடியை முடிக்க வேண்டும் என்றார். மௌத்தாகிறதுக்கு முன்னம் முதல் மனைவிக்கு வாக்குக் கொடுத்ததாம். மூத்தவளுக்கு இன்னும் ஐந்தாறு வருஷத்தில் பேச்சு வந்துவிடும். அவள் கலியாணம் முடித்தால் நாங்கள் எங்கே போவது என்று றுஷ்தா கேட்டாள். கடைக்குப் பின்னால் இரண்டு அறை போடலாம் என்றார். மூன்றாவது மகளின் வீட்டைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்.

"அல்லாஹ் இருக்கான்."

பின்வாசலில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த சித்தி பரீதாவுக்கு இந்தக் கதை கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் அன்ஸார் கடைக்குப் போனபிறகு வந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"நீங்க வேலைக்குப் போங்க மகள்."

றுஷ்தா அவரைப் பார்த்தாள்.

"புள்ளைய நான் பாக்கிறன். ஒளிக்காமச் சொல்றன், உங்கட நன்மைக்கு மட்டும் சொல்லயில்ல. நீங்க உழைச்சு இவளுக்கு ஒரு துண்டுக் காணி தேடாட்டி, நாளைக்கு இவள் என்ட புள்ளைகள்ர வூட்டுல பங்கு கேட்டு நிப்பாள். அவரும் இரக்கத்தில குடுத்திடுவாரு. அது எனக்கு வேணாம்."

இவ்வளவு நேரான கதையை அந்த வீட்டில் யாரும் அதுவரை அவளோடு கதைத்ததில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அன்ஸார் வழக்கம்போலக் கணக்கைத் தொடங்கியபோது சித்தி பரீதா குறுக்கிட்டு, பிள்ளை பார்க்கிற செலவு இல்லை என்றார். அந்தக் கணக்கு அதோடு முடிந்தது.

நகரத்து லாப்பில் அவளுடைய இடத்துக்குப் புதிதாகப் படித்து முடித்த ஒரு பெண்ணை, குறைந்த சம்பளத்துக்கு எடுத்திருந்தார்கள். மூதூரிலேயே ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இரத்தம் எடுத்துச் சின்னச் சின்னப் பரிசோதனைகள் செய்ய அரைநாள் வேலை கிடைத்தது. முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. படித்த படிப்பில் காலே அரைக்கால் பங்குதான் அங்கே தேவைப்பட்டது. ஆனாலும் முதல் நாள் கையுறையை இழுத்து மாட்டியபோது அவளுடைய விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

சம்பளம் அன்ஸாரின் கைக்குப் போகவில்லை. அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மாதம் கடைச் சரக்குக்கு என்று கேட்டார், பிறகு திருப்பித் தருவதாகச் சொன்னார். அவள் ஏலாது என்றாள். மூன்று நாள் இருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் அவர் மீன் வாங்கி வந்தார். அது அப்படியே போனது. ஊருக்கு வெளியே வயல் ஓரமாகத் துண்டு துண்டாக்கி விற்கிற பள்ளக் காணிகளை அவள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். அதைத் தவிர வேறெதுவும் அவளுடைய கைக்கு எட்டாது. தவணைக்கு ஒரு துண்டு பேசி வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டிஸ்பென்சரிக்குப் போன உடனே வாந்தி வந்தது. வெளியே வாங்கில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கதவைச் சாத்தி, மற்றவர்களுக்குச் செய்கிற அதே பரிசோதனையைத் தனக்குச் செய்தாள். கோடு இரண்டாக வரும் வரையும் நின்று பார்த்தாள். வந்தது. அவளுக்கு முதலில் வந்த நினைவு, ஆண்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான். ஆண்பிள்ளைக்கு வீடு வேண்டாம். அதற்காக அவள் வாய்விட்டே துஆ கேட்டாள். கேட்டு முடிந்த பிறகுதான் தான் கேட்டது என்ன என்பது அவளுடைய காதில் விழுந்தது. கையைக் கழுவினாள். கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பிறந்தது பெண்தான். அன்ஸார் முகத்தைச் சுளிக்கவில்லை. காதில் பாங்கு சொல்லி, கையில் வைத்துக் கொஞ்சினார். மேல் மாடி வேலையை அந்த வருஷம் தொடங்கினார். ஸெய்னுதீனால் வர முடியவில்லை. கண் இரண்டும் மங்கிவிட்டன. சுஹைரா போனை அவருடைய காதில் வைத்தபோது, பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, நல்ல குரல் என்றார்.

நாற்பது நாள் கழிந்த பிறகு றுஷ்தா வேலைக்குப் புறப்பட்டாள். பெரியவளைப் பாயில் இருத்தி, சின்னவளைத் தூக்கிக்கொண்டு நின்ற சித்தி பரீதா, அவள் செருப்பை மாட்டும்வரை பொறுத்திருந்தார்.

"ரெண்டு புள்ளையெண்டா இடியப்ப வேலைய விடணும் மகள். இனி மாசம் எனக்கும் ஏதாச்சும் தரணும்."

காணித் தவணை போக மிஞ்சுவது எவ்வளவு சொற்பம் என்று றுஷ்தாவுக்குத் தெரியும். ஓம் என்று சொல்லிவிட்டுப் பின்வாசலால் இறங்கினாள்.